கரைப்பான் முனையா, நனைவரம்பா? (வெள்ளிக்குள் தேவை)

வணக்கம். வீட்டுச் செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தாள் வண்ணப்பிரிகையில் (ஈரம் தாளில் ஏறும்போது மையின் நிறங்கள் பிரியும் சோதனை) ஒரு சொல் இடிக்கிறது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாப் புள்ளி வைத்த வடிதாளில் தண்ணீர் ஏறுகிறதே, அந்த ஈரத்தின் மேலோரத்துக்கு என்ன பெயர்? வரைவில் "கரைப்பான் முனை" என்றிருக்கிறது (கரைப்பான் என்பது மையைக் கரைத்து ஏறும் திரவம், இங்கே தண்ணீர்).
– ந.

> கரைப்பான் முனை

ஆங்கில 'solvent front'இல் உள்ள front-க்குப் போர்முனையைப் பார்த்து வந்த முனை. பிள்ளைகள் கூர்நுனியைத் தேடுவார்கள். தாள் டம்ளர் சுவரில் ஒட்டினால் அந்தப் பக்கம் தண்ணீர் முந்தி ஏறி ஓரம் சாய்ந்துவிடும். அப்போது உச்சியை அளக்கக் கூடாது, புள்ளிக்கு நேர் மேலே அளக்க வேண்டும். நிறம் 4.5 செ.மீ., தண்ணீர் 9 செ.மீ. ஏறியிருந்தால் விடை (நிறம் ஏறிய தூரத்தைத் தண்ணீர் ஏறிய தூரத்தால் வகுத்தது) 0.5, சாய்ந்த உச்சியை 10 என்று எடுத்தவருக்கு 0.45. கோட்டைச் சுட்டும் சொல்லே வேண்டும்: நனைவரம்பு.
– செ.

> நனைவரம்பு

நனைவது தாள். கரைப்பான் எங்கே போயிற்று? படையின் முன்வரிசைக்கு நம்மிடம் 'தார்' இருக்கிறது. குறள் 767இல் "தார்தாங்கிச் செல்வது தானை". பரிமேலழகர் அதைத் தூசி என்பார். தொல்காப்பியத்தில் தார்நிலை உண்டு. ஆக, 'கரைதார்'.
– இரா.

தார் என்றால் ரோட்டுக்குப் போடுவது, தூசி என்றால் கண்ணில் விழுவது. வீட்டில் பயமில்லாமல் செய்யட்டும் என்றுதானே ஸ்பிரிட்டைத் தவிர்த்துத் தண்ணீர் வைத்தோம்? இதில் தார் வேறா! 'தண்ணீர்க் கோடு' போதுமே.
– மு.

தண்ணீர்க் கோடு இந்தச் சோதனையோடு சரி. பெர்மனன்ட் மார்க்கர் மை தண்ணீரில் நகராது. ஆய்வகத்தில் அதற்கு ஆல்கஹால் வைக்கும்போது பெயரை மாற்றுவோமா? இரா. ஐயா, கரைதார் வினைத்தொகை என்றால் கரைவது தார் என்றாகும். கரைவது மையல்லவா? நாம் அளப்பதும் தாளின் ஈரத்தைத்தான்.
– செ.

நான்கு பேர் நனைவரம்பு, ஒருவர் தண்ணீர்க் கோடு, ஒருவர் தார். இப்படிப் போகிறது:

"12 செ.மீ. வடிதாளில் அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சில் கோடு போடு (பேனாக் கோடு தானும் ஓடிவிடும்). அதில் சிறு புள்ளி வை. டம்ளரில் 1 செ.மீ. தண்ணீர் போதும், புள்ளி மூழ்கினால் மை டம்ளரிலேயே கரைந்துவிடும். நனைவரம்பு மேல்முனைக்கு 1 செ.மீ. கீழே வந்ததும் தாளை எடுத்து உடனே பென்சிலால் குறி. காய்ந்தால் வரம்பு தெரியாது. இரண்டு தூரத்தையும் பென்சில் கோட்டிலிருந்து அள."
– ந.

> மேல்முனைக்கு

முனை இன்னும் ஒழியவில்லை. என் தாருக்கு மட்டும்தான் தடை போலும்.
– இரா.