வீல் ஆஃப் டைம்: ஆறு முடிந்தது, 7 முதல் 10 வரை எப்படிக் கடப்பது?

கல்தூண்
ராபர்ட் ஜோர்டனோட 14 நூல் ‘வீல் ஆஃப் டைம்’ கற்பனைத் தொடர்ல ஆறாவதான ‘லார்ட் ஆஃப் கேயாஸ்’ முடிச்சாச்சு. டுமாய்ஸ் வெல்ஸ் சண்டையைப் படிச்ச கையோட அடுத்ததை எடுக்கத்தான் தோணுது. ஆனா எங்க பார்த்தாலும் ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் ‘ஸ்லாக்’, நகரவே நகராதுன்னு பயமுறுத்துறாங்க. பத்தாவதை விட்டுட்டு சுருக்கம் மட்டும் படிச்சா போதுமா? முன்கதை நூலான ‘நியூ ஸ்பிரிங்’கை எந்த இடத்துல படிக்கணும்? ஏஸ் செடாய் (மந்திர சக்தி உள்ள பெண்கள்) பேரெல்லாம் இப்பவே குழம்புது, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க. ஆறு வரைக்கும் எதை வேணாலும் பேசலாம். அதுக்கு மேல ஸ்பாய்லர் வேண்டாம்.

ஓஜியர்தோப்பு
முதல்ல அளவைப் பாருங்க, பாதி பயம் போயிடும். நீங்க முடிச்ச ஆறாவது ஏறக்குறைய 3.9 லட்சம் சொற்கள். எட்டாவது ‘தி பாத் ஆஃப் டாகர்ஸ்’ 2.25 லட்சத்தை ஒட்டித்தான். ஒன்பதாவதும் கிட்டத்தட்ட அதே அளவு. 7, 8, 9, 10 நாலும் சேர்ந்து பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் எப்படி இந்தக் கெட்ட பேர்? தேதிதான் காரணம். எட்டு 1998, ஒன்பது 2000, பத்து 2003 ஜனவரி, பதினொன்று 2005 அக்டோபர். ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்து வாங்கின புத்தகத்துல தனக்குப் பிடிச்ச ஆள் தலையே காட்டலைன்னா யாருக்கும் எரிச்சல் வரும். அன்னைக்குக் கிளம்பின புலம்பல்தான் இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. வரிசையா படிக்கிறவங்களுக்கு அந்த இடைவெளியே கிடையாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஏழின் கடைசியில முக்கியப் பாத்திரமான மேட் எங்க நிக்கிறான்னு பார்த்துட்டு எட்டைத் திறந்தா, கடைசிப் பக்கம் வரைக்கும் ஆள் இருக்க மாட்டான். ஐந்தாவதுல பெர்ரினுக்கு நடந்த அதே கதைதான். தெரிஞ்சே போனா ஏமாற்றம் குறையும்.

சாம்பல்நரி
எனக்கு அவ்வளவு பக்தி இல்லை. பத்தாவது, அதாவது ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’, பலவீனமான புத்தகம்தான். அதை மூடி மறைக்க வேண்டாம். எலெய்ன் அரண்மனை அத்தியாயங்கள்ல எந்தக் குடும்பம் எந்தப் பக்கம்னு ஒரு பட்டியல் போட்டா முக்கால்வாசி முடிஞ்சது. மீதி தேநீர், குளியல். நைனீவ் கோபம் வந்தா தன் சடையை இழுக்கிறதைக்கூட மன்னிச்சிடலாம்.

அத்தியாயச் சுருக்கம் படிச்சுட்டு பதினொன்றுக்குத் தாவினாலும் கதை பிடிபடும். பாதியிலேயே வெறுத்துப்போய் தொடரையே மூட்டை கட்டி வைக்கிறதுக்கு, ஒரு நூலைத் தாண்டிப் போறது எவ்வளவோ மேல்.

ஓஜியர்தோப்பு
@சாம்பல்நரி, பட்டியல் விஷயம் சரி. ஆனா முழுசா தாண்டச் சொல்றதை ஏத்துக்க முடியாது. பத்து ஏன் நகராத மாதிரி இருக்குன்னா, அது ஒன்பது முடியற இடத்துல ஆரம்பிக்கலை. ஒன்பதின் கடைசி அத்தியாயத்துல ஒரு பெரிய காரியம் நடக்கும் (என்னன்னு சொல்லலை). அந்த நேரத்துல மத்தவங்க ஒவ்வொருத்தரும் எங்க இருந்தாங்க, தூரத்துலேர்ந்து அதை எப்படி உணர்ந்தாங்கன்னு பத்தாவது திரும்பத் திரும்பப் பின்னால போகும். கதாநாயகன் ரேண்ட் ஏறக்குறைய இல்லவே இல்லை. ‘அடுத்து என்ன’ன்னு தேடினா பாதி நூல் வரைக்கும் பதில் வராது. ‘அதே நாள், வேற இடம்’னு நினைச்சுப் படிச்சா அமைப்பு புலப்படும்.

அதனால கல்தூணுக்கு நான் சொல்றது: ஒன்பதின் கடைசி அத்தியாயத்தையும் பத்தின் முன்னுரைப் பகுதியையும் இடைவெளி விடாம சேர்த்துப் படிங்க. ஒரு மாசம் கழிச்சு எடுத்தா அந்தப் பிணைப்பு அறுந்துடும், பலரும் தடுமாறுறது அங்கதான். பத்துல மேட் அத்தியாயங்களை முழுசா படிங்க, அதுதான் அந்த நூலோட உயிர். பெர்ரின் பகுதியை நிதானமா படிங்க. அவனோட ஒரு சரடு எட்டின் முடிவுல தொடங்கி பதினொன்றுலதான் முடியும், நடுவுல வேகத்தை எதிர்பார்க்காதீங்க. எலெய்ன் பகுதியை வேகமா புரட்டலாம், தப்பில்லை. எக்வீன் வர்ற கடைசி அத்தியாயத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீங்க. 11, 12 ரெண்டுலயும் அவ கதை அங்கேயிருந்துதான் கிளம்புது. சுருக்கத்துல அது ஒரே வரியா வந்து சப்புன்னு ஆயிடும்.

செந்நூல்
பெயர்க் குழப்பத்துக்கு வர்றேன். தொடர்ல பேர் உள்ள பாத்திரங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல. எல்லாரையும் நினைவு வச்சுக்கவே வேண்டாம். ஏஸ் செடாய்க்கு மட்டும் ஒரு தாள் போடுங்க: பேர், அஜா (அவங்க சேர்ந்திருக்கிற நிறப் பிரிவு), இப்போ யார் பக்கம், எந்த ஊர். ஆறாவது முடிவுல மூணு பக்கம் இருக்கு. எலைடா தலைமையில இருக்கிற வெள்ளைக் கோபுரம் (ஏஸ் செடாய் தலைமையகம்), அவளை எதிர்த்துப் பிரிஞ்ச சாலிடார் கூட்டம், டுமாய்ஸ் வெல்ஸ்ல ரேண்டுக்கு முன்னால மண்டியிட்டு சத்தியம் செஞ்ச ஒன்பது பேர். மேரானா சாலிடார் தூதுக்குழுவுக்குத் தலைவி, கோய்ரன் கோபுரத் தூதுக்குழுவுக்கு. ரெண்டு பேருமே சாம்பல் அஜா. இந்த ஒரு ஜோடியைக் குழப்பிக்கிட்டாலே ஆறாவதோட பாதி அரசியல் தலைகீழாயிடும். அஜாவை மட்டும் குறிச்சு வச்சா போதாது, பக்கத்தையும் எழுதுங்கன்னு சொல்றது அதனாலதான். பக்கம் மாறினா பழையதை அழிக்காம பக்கத்துலயே நூல் எண்ணோட எழுதுங்க.

சியுவான், ஷெரியம், செவான்னா, சொரிலியா, செமிராக்னு ஒரே ஒலியில வர்றவங்களை, எல்லாரும் ஏஸ் செடாய் இல்லைன்னாலும், அடுத்தடுத்த வரியில போடுங்க. கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா வித்தியாசம் பதிஞ்சிடும்.

பேரை மட்டும் இணையத்துல தேடவே தேடாதீங்க. தட்டும்போதே ‘சாவு’, ‘துரோகி’னு மீதியை அதுவே நிரப்பிக் காட்டும். மின்நூல்னா அந்தக் கோப்புக்குள்ளேயே தேடுங்க, முந்தைய நூல்களோட கோப்புகள்லயும். அச்சுப் புத்தகம்னா பின்னால இருக்கிற சொல்லகராதி போதும், அதையும் அந்த நூலை முடிச்ச பிறகு பாருங்க. 2015ல வந்த ‘கம்பேனியன்’ பக்கம் இப்போ போகவே வேண்டாம், தொடர் முழுக்கத் தெரிஞ்சவங்களுக்கான அகராதி அது.

தொலைக்காட்சித் தொடரைச் சுருக்கமா எடுத்துக்கலாமான்னு அடுத்து கேட்பீங்க. வேண்டாம். 2021லேர்ந்து 2025 வரைக்கும் மூணே சீசன், மூணாவது பெரும்பாலும் நாலாவது நூலைத்தான் தொட்டுச்சு. யார் உயிரோட இருக்கா, யார் இல்லைங்கிறதுகூட நூலோட ஒத்துப்போகாது.

சாம்பல்நரி
‘நியூ ஸ்பிரிங்’ பத்தி யாரும் பேசலையே. மொய்ரைனும் லானும் சந்திச்ச கதை, முதல் நூலுக்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னால நடக்கிறது. கதைக்கால வரிசைன்னு முதல்ல படிக்கச் சொல்வாங்க, கேட்காதீங்க. 2004ல வந்தது, பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவுல. அதுவே நல்ல இடம். ஏழுல முதல் தடவையா வர்ற ஒரு மூத்த ஏஸ் செடாய் இதுலயும் வர்றாங்க. அவங்க குணம் தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்தக் காட்சிகளோட சுவாரஸ்யம் புரியும். சின்ன நூல்தான், பத்தோட களைப்புக்கு நல்ல இளைப்பாறல்.

கல்தூண்
எல்லாருக்கும் நன்றிங்க. தாள் போட ஆரம்பிச்சுட்டேன். இன்னொண்ணு: மெதுவான நூல்களை ஆடியோவுல கேட்டா எளிதா? பன்னிரண்டுலேர்ந்து ஆசிரியர் மாறினதால நடை ரொம்ப இடிக்குமா?

செந்நூல்
ஆடியோ நல்ல யோசனைதான். மைக்கேல் கிரேமர், கேட் ரீடிங் ரெண்டு பேரும் படிச்ச பதிப்பை எடுங்க. ஆண் பார்வையில வர்ற அத்தியாயத்தை அவர், பெண் பார்வையில வர்றதை அவங்க. குரல் மாறினாலே இடம் மாறிடுச்சுன்னு தெரிஞ்சிடும், பத்தாவதுக்கு அது பெரிய உதவி. ஒரு குறை, சில பேர்களோட உச்சரிப்பு நூலுக்கு நூல் மாறும். காதுல விழுந்த பேரை எழுத்துல பார்த்துத் தாள்ல ஏத்துங்க.

ஜோர்டன் 2007 செப்டம்பர்ல காலமானார். அவர் விட்டுப்போன குறிப்புகளையும் எழுதி வச்சிருந்த பகுதிகளையும் வச்சு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் முடிச்சார். ஒரே நூலா திட்டமிட்டது மூணாச்சு: 2009, 2010, 2013. வேகம் கூடும், வர்ணனை குறையும். உறுத்துறது மேட்தான். பன்னிரண்டுல அவன் நகைச்சுவை வலிஞ்சு பேசுற மாதிரி இருக்கும், பதிமூணுல சீராகிடும்.

பதிமூணுல இன்னொரு சிக்கல் இருக்கு. பெர்ரினோட காலக்கோடு ரேண்டுக்குப் பல நாள் பின்னால ஓடும். ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல இருக்கிற மாதிரி படும். அச்சுப்பிழை இல்லை, தேதிதான் வேற. அப்புறம் பதினாலாவதுல முப்பத்தேழாம் அத்தியாயம் மட்டுமே ஒரு சின்ன நாவல் அளவு. ராத்திரி பதினொரு மணிக்கு ‘ஒரே ஒரு அத்தியாயம்’னு அதைத் திறக்காதீங்க.