பாங்காங் ஏரிக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போலாமுங்களா?

தாராபுரத்தான்:
வணக்கமுங்க. ஆவணியில லடாக் போறோம். அப்பாவுக்கு 63 வயசு, இன்னும் தோட்டத்துல மம்புட்டி புடிக்கறவரு. பிரஷர் மாத்திரை உண்டு. கோயமுத்தூர்ல இருந்து டெல்லி வழியா லடாக்கோட லே டவுன்ல எறங்கி, மக்காநாளே ஏரிக்குப் போயி டென்ட்ல தங்கலாமுங்களா? காத்து பலமா இருக்குங்கறாங்க. ஆனா அவரு நம்மூரு ஆடிக்காத்துல வளந்தவருங்க.

பொள்ளாச்சி அக்கா:
மக்காநாளே வேண்டாஞ் சாமி. நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். லே 3,500, ஏரி 4,200க்கு மேல. வழியில சாங் லா கணவாய் 5,300ஐத் தாண்டும். லேயில ரெண்டு மூணு நாள் சும்மா படுத்துக் கெடக்கோணும். தலைவலியோட வாந்தியும் வந்துச்சுன்னா மேல ஏறவே கூடாது, கீழ எறக்கிக் கூட்டிட்டு வந்துருங்க. உசரத்துல வர்ற நோவுக்குத் தர்ற டயமாக்ஸ் மாத்திரை தரலாமான்னு அவரு டாக்டரைக் கேளுங்க, பிரஷர் மாத்திரையையும் சொல்லிக் கேளுங்க.

ஆடிக்காத்து ஆளைத் தள்ளும், அவ்வளவுதான். ஏரிக்காத்து எலும்புக்குள்ள எறங்கும். மத்தியானத்துக்கு மேல எந்திரிச்சுதுன்னா டென்ட் துணி படபடன்னு அடிச்சுக்கிட்டே கெடக்கும், கண்ணு மூட முடியாது. செவுரு வெச்ச ரூம் எடுங்க. காதை மூடற குல்லா கட்டாயம்.

காங்கேயம்:
நம்மூரு ப்ரீபெய்ட் சிம் அங்க எடுக்காதுங்க, போஸ்ட்பெய்ட் வேணும்.

தாராபுரத்தான்:
ரொம்ப நன்றிங்க்கா. அன்னைக்கே லே திரும்பிட்டா?

பொள்ளாச்சி அக்கா:
அப்பாவுக்கு அதுதான் நல்லது. ராத்திரி தூங்கற உசரந்தான் உடம்பைப் படுத்தும். வெடியால நேரத்துலயே கெளம்பீருங்க, ரோட்டுலயே பாதி நாள் போயிரும்.