புதுப்பிப்பு: ஸ்டெப்னி மாட்டியும் அணையாத அந்த மஞ்சள் விளக்கு

போன வாரம் கேட்டிருந்தேனே, கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகையில் பாபநாசம் தாண்டி டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ஸ்டெப்னி மாற்றியும் அணையவில்லை என்று. விஷயம் சின்னதுதான். டயரின் காற்றழுத்தத்தை அளந்து வண்டிக்குச் சொல்லும் சென்சாரே என் ஸ்டெப்னியில் கிடையாது. அதனால்தான் வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக நின்றது. காற்று குறைந்தால் மினுக்காது, நேராக எரியும். இது தெரியாமல் நாலு தடவை இறங்கி டயரை உதைத்துப் பார்த்தேன்.

அய்யம்பேட்டையில் ஒரு பஞ்சர் கடை. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் ஓரிடத்தில் நுரை கொப்பளித்தது. பிடுங்கினால் மாட்டு லாட ஆணி! சாய்வாக ஏறியிருந்ததால் டயரைக் கழற்றி உள்ளே ஒட்டச் சொன்னேன்.

“வால்வுக்குப் பின்னால சென்சார் இருக்கு, பார்த்துங்க ஐயா.”

“தெரியும் தம்பி. அதான் எதிர்ப்பக்கமா நெம்புறேன். பஞ்சர் அடைக்கிற பசை கிசை டயருக்குள்ள ஊத்தினீங்களா? சென்சார் கண்ணை அடைச்சிடும்.”

நல்லவேளை, ஊற்றவில்லை.

33 பி.எஸ்.ஐ. காற்று அடித்து மாட்டினோம். பசுபதிகோயில் தாண்டுவதற்குள் விளக்கு அணைந்தது. ஸ்டெப்னியில் இருந்ததோ வெறும் 20. அதை நம்பித்தான் அவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறேன்.