கண்ணுக்குத் தெரியாத மென்பொருள் பொறியியலை ஓப்பன் ஹவுஸில் எப்படிக் காட்டுவது?

கரும்பலகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றில் மென்பொருள் பொறியியல் கற்பிக்கிறேன். வரவிருக்கும் ஓப்பன் ஹவுஸில் எங்கள் துறைக்கு ஒரு கூடத்தையும் ஆறு மேசைகளையும் ஒதுக்கியிருக்கிறார்கள். பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும்தான் பெரும்பாலும் வருவார்கள். ஒரு மேசையின் முன் யாரும் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை என்பது முந்தைய ஆண்டுகளின் அனுபவம்.

என் சிக்கல் இதுதான். பக்கத்துக் கூடத்தில் இயந்திரவியல் துறையினர் ஓர் எஞ்சினைப் பிரித்து வைத்தால் போதும், கூட்டம் சேர்ந்துவிடும். எங்களிடம் அப்படிப் பிரித்து வைக்க ஒன்றுமில்லை. சென்ற முறை மாணவர்கள் உருவாக்கிய செயலிகளைத் திரைகளில் ஓடவிட்டோம். வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஒரு மாணவியின் தந்தை மட்டும் நின்று, "இந்த மாதிரி செயலியை என் மகள் காணொளி பார்த்தே செய்துவிடுகிறாள், நான்கு ஆண்டுகள் இங்கே எதைக் கற்றுத் தருகிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குச் சுருக்கமாக, அவருக்குப் புரியும்படி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது.

1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் ‘மென்பொருள் பொறியியல்’ என்பதையே தலைப்பாக வைத்து நேட்டோ ஒரு மாநாட்டைக் கூட்டியபோது, பெரிய மென்பொருள் திட்டங்கள் காலம் கடந்தும் செலவு மீறியும் பிழைகளோடும் வந்து சேர்வதுதான் அங்கு கூடியவர்களின் கவலையாக இருந்தது. பலர் சேர்ந்து எழுதும் ஒரு நிரல், எழுதியவர்கள் விலகிப் போன பிறகும், தேவைகள் மாறிய பிறகும், நம்பத்தக்கதாக இருக்கச் செய்வது எப்படி என்பதுதான் இன்றும் எங்கள் பாடம். இதை மேசைமேல் எப்படி வைப்பது? செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதுவதையும், ரஸ்ட் என்ற நிரல்மொழி, நிரல்களை உலாவிக்குள் ஓடவிடும் வெப் அசெம்பிளி போன்ற புதியவற்றையும் முன்னிறுத்தலாம் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவை வெறும் பெயர்ப் பலகைகளாக நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன். இத்தகைய நிகழ்வுகளை நடத்தியவர்களும் பார்வையாளராகச் சென்றவர்களும் யோசனை சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாறிலி (பதில்)

ஓடுகிற நிரலைக் காட்டாதீர்கள். உடைகிற நிரலைக் காட்டுங்கள். எஞ்சினைப் பிரித்து வைப்பதற்கு நிகராக மென்பொருளில் உள்ளது பிழைதான்.

என் யோசனை ஏரியன் 5. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் முதன்முறையாக ஏவப்பட்ட அந்த ராக்கெட் ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. 64 பிட் (0 அல்லது 1 மட்டும் வைக்கும் இடம்) கொண்ட தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது, அந்த இடத்துக்குள் அடங்காத அளவுக்கு மதிப்பு பெரிதாகிவிட்டதே காரணம். திரையில் ஒரு ராக்கெட்டும் வேகத்தைக் கூட்டும் ஒரு நகர்த்தியும் வையுங்கள். பார்வையாளர் நகர்த்தியைத் தள்ளிக்கொண்டே போகட்டும். 32,767ஐத் தாண்டியதும் எண் சட்டென்று கழித்தல் 32,768 ஆகி, ராக்கெட் தலைகீழாகத் திரும்பட்டும். அங்கே நிற்காமல் யாரும் போக மாட்டார்கள்.

அரைப்புள்ளி (பதில்)

மாறிலி சொன்ன திசை சரியானது. ஆனால் திரையில் ஓடும் எதையும் மக்கள் அசைவூட்டப் படமாகவே பார்ப்பார்கள். பிழை அவர்களுடைய கையிலேயே நிகழ வேண்டும். கணினியே இல்லாத ஒரு மேசையை நான் பரிந்துரைக்கிறேன். என் மாணவர்களோடு இதைச் செய்து பார்த்திருக்கிறேன்.

ஒரு நீளமான பெட்டியில் நூறு அட்டைகளை அகர வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல். பின்பக்கத்தில் 0 முதல் 99 வரை வரிசை எண். பார்வையாளரிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறையைச் சொல்லிக் கொடுங்கள்: தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து, வரும் பின்னத்தை விட்டுவிட்டு, அந்த எண்ணுள்ள அட்டையைப் பார்க்க வேண்டும், தேடும் சொல் அதற்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பதைப் பொறுத்து ஒரு பாதியைக் கைவிட வேண்டும். அதிகம் போனால் ஏழு முறை பார்ப்பதற்குள் சொல் கிடைத்துவிடும்.

இதோடு ஒரே ஒரு விதியைச் சேருங்கள். கூட்டல் போடுவதற்கு ஒரு சிறிய பலகையைக் கொடுத்து, அதில் −128 முதல் 127 வரைதான் எழுத முடியும், அதைத் தாண்டினால் விடையிலிருந்து 256ஐக் கழித்துத்தான் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். எட்டு பிட் முழு எண் அப்படித்தான் நடந்துகொள்கிறது. முதலில் வரிசையின் முன்பாதியில் உள்ள சொற்களை மட்டும் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக வரும், ஏனென்றால் அங்கே எந்தக் கூட்டுத்தொகையும் 127ஐ எட்டுவதே இல்லை. பத்து சோதனைகள் நடத்தி, பத்திலும் தேறிவிட்டது என்று பலகையில் எழுதிவிடுங்கள். அதன் பிறகு பின்பாதியில் உள்ள ஒரு சொல்லைக் கொடுங்கள். முதல் படியில் 49ஆம் அட்டை வரும். சொல் அதற்குப் பின்னால் இருக்கும். அடுத்த படியில் 50ஐயும் 99ஐயும் கூட்டினால் 149. பலகையில் எழுத முடியாது. 256ஐக் கழித்தால் −107. பாதி −53. கழித்தல் ஐம்பத்து மூன்றாம் அட்டையைத் தேடிக் கை பெட்டிக்கு முன்னால் வெறும் மேசையில் வந்து நிற்கும். அந்தக் கணத்தில் ஒரு பதினேழு வயது முகத்தைப் பாருங்கள். நீங்கள் வேறெதையும் விளக்க வேண்டியிருக்காது.

அதன் பிறகு இது பொம்மைக் கதையன்று என்பதைச் சொல்லலாம். ஜாவா என்ற நிரல்மொழியோடு வரும் ஆயத்த நிரல் நூலகத்தில் இருந்த தேடல் நிரலில் இதே கூட்டல் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அந்தப் பிழையை வெளிப்படையாக எழுதினார். அங்கே எண்கள் 32 பிட் என்பதால், 100 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட பட்டியல் வரும்வரை அது தலைகாட்டவில்லை. திருத்தம் ஒரே வரி: முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதில் பாதியைத் தொடக்கத்தோடு கூட்ட வேண்டும். பார்வையாளர் அதே பலகையில் போட்டுப் பார்க்கட்டும். 99 கழித்தல் 50, 49, பாதி 24, 50ஐக் கூட்டினால் 74. எங்கும் 127ஐத் தாண்டவில்லை.

அந்தத் தந்தையின் கேள்விக்கு இந்த மேசையே பதில் என்று நான் நினைக்கிறேன். தேடும் நிரலை எழுத அவருடைய மகள் காணொளியில் கற்றுக்கொள்வாள். பத்துச் சோதனைகளில் தேறிய பிறகும் பதினொன்றாவதை எங்கே தேட வேண்டும் என்று அறிவதைத்தான் நீங்கள் நான்கு ஆண்டுகள் கற்றுத் தருகிறீர்கள்.

பழைய கம்பைலர் (பதில்)

அட்டைப் பெட்டி அருமை. மாறிலியின் யோசனையில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. பல்கலைக்கழக மேசையில் தவறான விவரம் இருந்துவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். ஏரியன் 5இல் எண் கழித்தலாகத் திரும்பவில்லை. எண் அடங்கவில்லை என்றதும் அந்த வழிகாட்டிக் கணினி பிழை அறிவித்துத் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. மாற்றாக வைத்திருந்த கணினியிலும் அதே நிரல்தான் என்பதால் அதுவும் அதே காரணத்தால் முன்பே நின்றுபோயிருந்தது. பின்னர் வந்த பிழைக் குறிப்பைப் பறக்கும் தரவு என்று எண்ணி முதன்மைக் கணினி கட்டளை பிறப்பித்தது. என்னை எப்போதும் உலுக்குவது வேறொன்று: அந்தக் கணக்கு ஏரியன் 4க்காக எழுதப்பட்டது, ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அதற்கு எந்தப் பயனும் இருக்கவில்லை. பழைய நிரலைப் புதிய இடத்தில் அப்படியே பயன்படுத்தும்போது அதன் அனுமானங்களும் கூடவே வந்துவிடுகின்றன. நகர்த்தியை வைப்பதானால் இரண்டு ராக்கெட்டுகளை வைத்து, ஒன்றில் ஒழுங்காக ஓடும் நிரல் மற்றொன்றில் நின்றுபோவதைக் காட்டுங்கள்.

சிறுவர்கள் வந்தால் அவர்களுக்கு ஒரு விசைப்பலகையைக் கொடுத்து, உங்கள் மாணவர்களின் நிரல்களுக்குள் கண்டபடி தட்டச் சொல்லுங்கள். விளையாட்டாகத் தோன்றினாலும் இது முறையான ஆய்வாகத் தொடங்கியதுதான். 1988இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடிமழை இரவில் தொலைபேசி இணைப்பு வழியே வந்த இரைச்சல் எழுத்துகள் யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரல்களை நிலைகுலையச் செய்வதைக் கவனித்து, அதையே மாணவர்களுக்கு ஒப்படைப்பாகக் கொடுத்தார். 1990இல் வெளியான முடிவின்படி, சோதித்த கருவி நிரல்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குப்பை உள்ளீட்டைத் தாங்காமல் நின்றுபோயின அல்லது உறைந்துபோயின. ஃபஸ்ஸிங் என்ற பெயரில் அது இன்று பாதுகாப்புச் சோதனையின் அன்றாடப் பகுதி. எந்தச் சிறுவன் எந்த நிரலைக் கவிழ்த்தான் என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். உங்கள் மாணவர்கள் முந்தைய வாரம் முழுவதும் தூங்காமல் நிரலைச் செப்பனிடுவார்கள், அதுவும் நல்லதே.

முதலாண்டு (பதில்)

வணக்கம் மேடம். நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் ஓப்பன் ஹவுஸைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அங்கிருந்த திரைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. நினைவில் நிற்பது சுவரோடு ஒட்டியிருந்த ஒரு காகிதச் சுருள். நான்கு மாணவர்கள் ஓராண்டு செய்த ப்ராஜெக்டின் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றை, ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்போடும் நேரத்தோடும், ஒரே நீளத் தாளாக அச்சிட்டிருந்தார்கள். ஓர் இடத்தில் இரவு 1.40க்கு "சரிசெய்தேன்", 2.15க்கு "இப்போது உண்மையாகவே சரிசெய்தேன்", 3.05க்கு "முந்தைய இரண்டையும் நீக்குகிறேன்" என்று இருந்தது. அதற்கு மறுநாள் காலை வேறொருவர் பெயரில், அந்தப் பிழை மீண்டும் வந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு சோதனை சேர்க்கப்பட்டிருந்தது. நான் அங்கே அரை மணி நேரம் நின்று வாசித்தேன். நிரல் எழுதுவது தனியாளின் வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தயவுசெய்து வரலாற்றை அழகுபடுத்தாமல் அப்படியே அச்சிடுங்கள். மாணவர்களின் சம்மதத்தை மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவைக்குறிப்பு (பதில்)

செயற்கை நுண்ணறிவு மேசையை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். வருகிற பெற்றோர் ஒவ்வொருவர் மனத்திலும், இயந்திரமே நிரல் எழுதும்போது என் பிள்ளைக்கு வேலை இருக்குமா என்ற கேள்வி இருக்கும். அதைப் பேசாத கூடம் நேர்மையான கூடமாக இராது. அதே வேளையில், அந்தக் கருவி தடுமாறுவதைக் காட்டி ஆறுதல் சொல்லவும் வேண்டாம். இன்று தடுமாறும் இடத்தில் அடுத்த ஆண்டு தடுமாறாது.

நான் செய்வது இதுதான். பிறந்த நாளைக் கொடுத்தால் வயதைச் சொல்லும் நிரலைப் பார்வையாளர் சாதாரணச் சொற்களில் கேட்கட்டும். சில விநாடிகளில் நேர்த்தியான நிரல் வந்துவிடும். பிறகு பிப்ரவரி 29இல் பிறந்தவரின் தேதியைக் கொடுத்து, லீப் ஆண்டு அல்லாத ஆண்டில் பிப்ரவரி 28 அன்று அவர் வயது என்னவென்று கேளுங்கள். நிரல் ஏதோ ஒரு விடையைச் சொல்லும். அது சரியா என்று பார்வையாளரிடம் திருப்பிக் கேளுங்கள். குடும்பத்துக்குள்ளேயே வாக்குவாதம் மூளும். பிப்ரவரி 28ஆ, மார்ச் 1ஆ என்பதில் நாட்டுக்கு நாடு சட்டமும் வேறுபடுகிறது. பார்வையாளர் கேட்காமல் விட்ட கேள்விக்கும் ஒரு முடிவு நிரலுக்குள் அமைந்துவிட்டது, யாரும் எடுக்காமலே. அந்த முடிவைக் கண்டுபிடித்து, உரியவரிடம் கேட்டு, எழுதி வைத்து, சோதனையாக்குவதற்குத் தேவைப் பகுப்பாய்வு என்று பெயர். கருவிகள் வளர வளர இந்த வேலை கூடுகிறது என்பதே என் அனுபவம்.

கரும்பலகை

ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டைப் பெட்டியைக் கூடத்தின் வாசலிலேயே வைப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். அட்டைகளை இன்று மாலையே எழுதத் தொடங்குகிறோம். காகிதச் சுருளுக்கு ஓர் இறுதியாண்டுக் குழு சம்மதித்துவிட்டது. பிறந்த நாள் மேசையும் உறுதி. ரஸ்ட் பற்றி மட்டும் தயக்கம் நீடிக்கிறது: நிரலே எழுதாத ஒருவருக்கு, ஒரு மொழி எதையோ செய்ய மறுக்கிறது என்பதை எப்படிக் காட்டுவது?

பழைய கம்பைலர்

மறுப்பதைத்தான் காட்ட வேண்டும். ஒரே செயலை இரண்டு திரைகளில் வையுங்கள். எண்களின் பட்டியல் ஒன்றை உருவாக்கி, முதல் எண்ணின் முகவரியைக் குறித்துக்கொண்டு, பட்டியலில் மேலும் பல எண்களைச் சேர்த்துவிட்டு, குறித்த முகவரியில் இருப்பதை அச்சிட வேண்டும். பட்டியல் பெருத்ததும் அது நினைவகத்தில் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். பழைய முகவரியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சி பிளஸ் பிளஸ் என்ற பழைய மொழியின் திரையில் நிரல் எதிர்ப்பின்றித் தொகுக்கப்பட்டு (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றப்பட்டு), சில நேரம் சரியான எண்ணையும் சில நேரம் குப்பையையும் காட்டும். ரஸ்ட் திரையில் நிரல் ஓடவே ஓடாது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் பட்டியலை இன்னொருவர் மாற்ற முடியாது என்று, தொகுக்கும் கருவியான கம்பைலர் வரியைச் சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். அந்தப் பிழைச் செய்தியைத் தமிழில் பெரிதாக எழுதித் திரைக்கு மேல் ஒட்டுங்கள்.

இது ஏன் முக்கியம் என்று கேட்டால், தங்கள் மென்பொருள்களில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னதையும், 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் இயங்குதள உட்கருவின் 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்கு இடம் கிடைத்ததையும் சொல்லலாம். வெப் அசெம்பிளிக்குத் தனி மேசை வேண்டாம். மாணவர்களின் நிரல்களை அதற்குத் தொகுத்து, பார்வையாளரின் கைபேசி உலாவியிலேயே ஓடவிடுங்கள். கூட்டம் சேர்ந்ததும் கூடத்தின் வைஃபை படுத்துவிடும் என்பதால், கூடத்துக்குள்ளேயே தனி ரவுட்டரும் ஒரு சிறு சர்வரும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கை. வாசலில் அட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டு வரும் கூர்மையான ஒரு மாணவி, அந்தப் பிழையையும் ரஸ்ட் தடுத்துவிடுமா என்று நிச்சயம் கேட்பாள். சோதனைக்காகத் தொகுக்கும்போது எண் அடங்காவிட்டால் நிரல் நின்றுவிடும். வெளியீட்டுக்காகத் தொகுக்கும்போது, தனியாகக் கேட்டுக்கொள்ளாவிட்டால், உங்கள் பலகையைப் போலவே சத்தமின்றி 256ஐக் கழித்துக்கொள்ளும். இரண்டையும் அவள் கண் முன்னே தொகுத்துக் காட்ட ஒரு மாணவரை அந்த மேசையில் தயாராக வைத்திருங்கள்.