மறு: போம் ரோலருக்குத் தமிழ் – நீவுருளை, அழுத்துபந்து

அன்பு நண்பர்களுக்கு,

இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் படித்தேன். தரையில் வைத்து, பிடித்த தசையை அதன்மேல் உருட்டிக்கொள்ளும் உருளைதான் போம் ரோலர். அதற்கும் அதைப் போன்ற கருவிகளுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். எனக்கு இந்தச் சொல் அவசரமாகவே வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். ரப்பர் பால்வெட்டுக்காரர்களுக்கும் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்க உட்கார்ந்து பருப்பு எடுக்கும் பெண்களுக்கும் ஒரு கைத்தாள் அச்சடிக்கப் போகிறோம். தோள்பட்டை, முன்கை, கெண்டைக்கால், இடுப்பு என்று அவர்களுக்கு எங்கே பிடித்தாலும் வீட்டிலேயே தாங்களே பார்த்துக்கொள்ள வழி சொல்லும் தாள் அது. அதில் ‘போம் ரோலர்’ என்று போட்டால் பாதிப் பேர் அங்கேயே மடித்து வைத்துவிடுவார்கள்.

> ‘தன் தசைப்படல விடுவிப்பு உருளை’ என்பதே துல்லியமான சொல். நீளம் ஒரு குறையல்ல.

நீளத்தை விடுங்கள், துல்லியம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இதன் மூலமான ‘செல்ஃப் மயோஃபேஷியல் ரிலீஸ்’ என்ற ஆங்கிலப் பெயருக்குள் ஒரு கோட்பாடு இருக்கிறது: தசையைச் சுற்றியுள்ள படலம் ஒட்டிக்கொள்கிறது, உருட்டினால் அது விடுபடுகிறது என்று. 2008இல் வந்த ஒரு கணித ஆய்வு, உள்ளங்காலிலும் தொடையின் வெளிப்பக்கத்திலும் இருக்கும் கெட்டியான படலங்களை நூற்றில் ஒரு பங்கு அமுக்குவதற்கே மனித உடம்பு தாங்காத அளவு விசை வேண்டும் என்று காட்டியது. அப்படியென்றால் உருட்டியதும் இலேசாக இருப்பது ஏன்? நரம்பு மண்டலம் அந்த இடத்தின் வலியையும் இழுவையையும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். 2019இல் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், மூட்டு அசைவு கொஞ்சம் கூடுகிறது, உழைப்புக்குப் பிந்தைய வலி கொஞ்சம் குறைகிறது, பலன் சிறியதுதான் என்றே முடித்தார்கள். சிறிய பலன் என்றாலும் காசில்லாமல் கிடைக்கும் பலன், எங்கள் ஆட்களுக்கு அது பெரிது. ஆனால் ‘விடுவிப்பு’ என்று பெயரிலேயே எழுதி வைப்பது நடக்காத ஒன்றைச் சொல்வதாகும்.

> ‘நுரை உருளை’ போதாதா?

கடையில் கிடைப்பதில் பாதி, உள்ளே பிளாஸ்டிக் குழாயும் மேலே கெட்டியான உறையும் கொண்டது. எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது, பிவிசி குழாய்த் துண்டில் பழைய துவர்த்தை (குளித்துத் துவட்டும் துணியை) சுற்றிக் கட்டியது. அதில் நுரை எங்கே இருக்கிறது? பொருளை வைத்துப் பெயரிட்டால் பொருள் மாறும்போது பெயர் தப்பாகிவிடும்.

> ‘தசை உருட்டி’ எளிமையாக இருக்கிறதே?

இங்கே அது நேர்மாறாகப் போய்ச் சேரும். கெண்டைக்கால் திடீரென்று இழுத்துக் கட்டிக்கொள்வதை எங்கள் பக்கம் ‘உருண்டு கேறுது’ என்பார்கள். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் மலையாளத்திலும் ‘உருண்டுகயற்றம்’தான். தசை உருட்டி என்று தாளில் போட்டால், வலியை வரவழைக்கும் சாதனம் என்றே ஒரு பால்வெட்டுக்காரர் படிப்பார்.

கொல்லங்கோட்டிலிருந்து எழுதிய அக்கா ‘இளக்கு’ என்ற வேரைச் சொல்லியிருந்தார்கள். இளக்குருளை, இளக்குபந்து. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வர்ம ஆசான்களின் ஊர். வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று உடம்பில் 108 இடங்கள் சொல்வார்கள். அந்த இடங்களில் அடிபட்டு விழுந்தவரை மீட்கும் முறைக்குப் பெயர்தான் இளக்குமுறை. அது ஆசானிடம் கற்றுச் செய்யும் அவசர வேலை. அதே சொல்லை வீட்டுத் தரையில் தானே உருட்டிக்கொள்ளும் குழாய்க்கு வைத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. ‘தொக்கணம்’ என்ற சித்த மருத்துவச் சொல்லையும் அதே காரணத்துக்காக விட்டுவிடலாம். அதில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறது. அது தேர்ந்த கை இன்னொருவருக்குச் செய்வது.

எனவே என் முன்மொழிவு ‘நீவு’. சுளுக்கு விழுந்தால் நீவிவிடுவது எல்லா மாவட்டத்துக்கும் தெரிந்த செயல். தானே செய்துகொள்வதற்குத் தன் + நீவல் = தன்னீவல், தன்னலம் போல. கருவிக்கு ‘நீவி’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வினையெச்சமாகவே காதில் விழும். ‘நீவி வாங்கினேன்’ என்றால் எதை நீவினாய் என்று கேட்பார்கள். வினைத்தொகையாக்கினால் சிக்கல் தீர்ந்தது: நீவுருளை, நீவுகோல். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, எனவே ‘நீவுக்கோல்’ வேண்டாம். நீவு + உருளை என்பதில் உகரம் கெடுமா என்ற கேள்விக்கு, கதவு + அழகு = கதவழகு ஆகவில்லையா? முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும்.

‘நீவு’ மென்மையான சொல், உருளையில் உடம்பு எடையையே போடுகிறோம் என்ற ஆட்சேபத்துக்கு என் பதில்: அந்த மென்மைதான் எனக்கு வேண்டும். எங்கள் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறார்கள். வலிக்க வலிக்கத்தான் குணமாகும் என்று நம்புகிறார்கள். மறுநாள் அதே இடம் கன்றிப்போய் வருகிறார்கள். மூச்சு இயல்பாக ஓட வேண்டும், ஒரு தசைக்கு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை மெல்ல உருட்டினால் போதும், வலி தாங்கும் அளவைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். ‘நீவு’ என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாக அளவோடு போகும்.

ஆனால் பந்துக்கு இது பொருந்தாது. தோள்பட்டை எலும்புக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் பந்தை வைத்துச் சாய்ந்தால் நாம் நீவுவதில்லை, ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கிறோம். விடியும் முன் மரத்துக்கு மரம் குனிந்து கத்தியை இழுக்கிறவர்களுக்கு மிகவும் உதவுவதும் இதுதான். அதற்கு ‘அழுத்துபந்து’. மசாஜ் கன் என்பதற்குத் ‘தசைத் துப்பாக்கி’ வேண்டவே வேண்டாம். அது தட்டுகிறது, ‘தட்டுபொறி’ என்போம். முதுகுக்குப் பின்னால் எட்டும் வளைந்த கம்பிக்கு ஒருவர் ‘தோட்டி’ என்றார். எங்கள் ஊரில் பலாக்காய் பறிக்கும் கொக்கிக்கம்பு அதுதான். ஆனால் வடக்கே அது துப்புரவுத் தொழிலாளரை இழிவுபடுத்தும் சொல். அதைப் பொதுச்சொல்லாக்க நான் உடன்படமாட்டேன். ‘முதுகுத்துறட்டி’ எல்லோருக்கும் புரியும்.

அப்புறம், சொல்லை அகராதியில் ஏற்றும்போது விளக்கத்தில் எச்சரிக்கையும் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் நீவக் கூடாது. உள்ளே குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். காலில் நரம்பு சுருட்டிப் புடைத்திருக்கும் இடம், விழுந்து அடிபட்ட எலும்பு, கழுத்தின் முன்பக்கம் ஆகியவற்றில் உருளையோ பந்தோ படக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு அழுத்தத்தின் அளவே தெரியாது, எனவே பாதத்தின் கீழ் பந்து வேண்டாம். கை கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போலிருப்பது, பலம் குறைவது எல்லாம் தன்னீவலால் தீரும் பிடிப்பு அல்ல.

‘டிரிக்கர் பாயிண்ட்’ ஒன்றுதான் மிச்சம். ஜேனட் டிராவல் என்ற அமெரிக்க மருத்துவர் பரவலாக்கிய சொல் அது. ஜனாதிபதி கென்னடிக்கு மருத்துவம் பார்த்தவர். அமுக்கினால் வேறோர் இடத்துக்கும் வலி பரவும் புள்ளி என்பது பொருள். ‘தூண்டுபுள்ளி’ என்று இழையில் வந்திருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் விரலால் தொட்டுக் காட்டி ‘இங்கதான் முடிச்சு’ என்கிறார்கள். கைத்தாளில் முடிச்சு என்றே போடப் போகிறேன். செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சி பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் அச்சுக்குப் போகும் முன் அதையும் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
மார்த்தாண்டத்திலிருந்து