ஒரே ஓர் இதழ்: சூப்பர் ஹீரோ காமிக்ஸில் உங்களுடையது எது?

பக்கக்காரன்:

நண்பர்களே, ஒரு கேள்வி. சூப்பர் ஹீரோ காமிக்ஸில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த இதழ் எது? தொடர் வேண்டாம், தொகுப்பு வேண்டாம், ஒரே ஓர் இதழ். ‘வாட்ச்மென் தொடர் முழுக்க’ என்று யாரும் எழுதாதீர்கள். போன முறை அப்படித்தான் ஆரம்பித்து, எந்த சினிமா தேறியது என்ற சண்டையில் போய் நின்றது. ஏன் பிடித்தது என்பதையும் சொல்லுங்கள். வெறும் ‘செம’ எனக்கு உபயோகப்படாது.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமேசிங் ஸ்பைடர்மேன் 33, பிப்ரவரி 1966. கதைப்போக்கும் ஓவியமும் ஸ்டீவ் டிட்கோ, வசனம் ஸ்டான் லீ. ஸ்பைடர்மேனான பீட்டரை வளர்த்த ஆன்ட் மே ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறார். காரணம் பீட்டர் கொடுத்த ரத்தம், அதில் இருந்த கதிரியக்கம். அவரைப் பிழைக்க வைக்கக்கூடிய ஐஎஸ்ஓ-36 என்ற மருந்து, கண்ணுக்கு முன்னால் கை எட்டாத தூரத்தில் தரையில் கிடக்கிறது. பீட்டர் வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் நீருக்கடித் தளத்தில், ஒரு ராட்சத இயந்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். மேலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. வில்லன் அந்த அறையிலேயே இல்லை.

நான் பக்க வடிவமைப்பு வேலை செய்பவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், தேர்தல் வந்தால் நோட்டீஸ். அதனால் எதை எடுத்தாலும் கண் முதலில் கட்டங்களைத்தான் பார்க்கும். டிட்கோ இங்கே செய்திருப்பதை நான் இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவன் நசுங்கிக் கிடக்கும்போது கட்டங்களும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. பாரம் ஏற ஏறக் கட்டமும் பெரிதாகிறது. பக்கத்தைத் திருப்பினால் முழுப்பக்கம்: தூக்கிவிட்டான். ஒருவன் ஒரு பொருளைத் தூக்குவதற்கு ஐந்து பக்கம்! இருபது பக்கக் கதையில் கால்வாசி. என்னிடம் வருகிற வாடிக்கையாளர்களாக இருந்தால் ‘அந்த இடத்தில் ஒரு விளம்பரம் போடலாமே’ என்றிருப்பார்கள்.

அதைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. தூக்கியதோடு கதை முடியவில்லை. அடிபட்ட காலோடு அடியாட்களிடம் உதை வாங்கிக்கொண்டே வெளியே வர வேண்டும். மருந்தை விஞ்ஞானி கர்ட் கானர்ஸிடம் சோதித்து வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அப்புறம் எடுத்த போட்டோக்களைப் பத்திரிகை முதலாளி ஜேம்சனிடம் விற்க வேண்டும், கையில் காசு இல்லையே. உலகத்தை எல்லாம் அவன் காப்பாற்றவில்லை. வயதான ஒரு பெண்மணிக்கு மருந்து வாங்கி வந்தான், அவ்வளவுதான் இந்த இதழில் நடக்கிறது.

சரி, உங்களுடையது?

ஈரோடு எக்ஸ்பிரஸ்:

ஸ்பைடர் என்றதும் நம்ம லயன் காமிக்ஸ் தமிழில் போட்ட பிரிட்டிஷ் ஸ்பைடர், அந்தக் கூர்மண்டையர் என்று ஓடி வந்தேன் சார், ஏமாற்றிவிட்டீர்கள். (ஆனால் பாருங்கள், அந்த பிரிட்டிஷ் ஸ்பைடருக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். வில்லன் மாதிரி ஆரம்பித்த ஆசாமி அப்புறம் நல்லவனாகிவிட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.)

என் ஓட்டு ஆல்-ஸ்டார் சூப்பர்மேன் 10. எழுதியது மோரிசன், வரைந்தது குவைட்லி, 2008. அதிலும் ஒரே ஒரு பக்கத்துக்காக. மாடி விளிம்பில் குதிக்கத் தயாராக ஒரு பெண் நிற்கிறாள். பின்னால் சூப்பர்மேன் வந்து நிற்கிறார். உன் டாக்டர் உன்னை ஏமாற்றவில்லை, நிஜமாகவே வழியில் மாட்டிக்கொண்டார் என்கிறார். நீ நினைப்பதைவிட நீ பலசாலி என்கிறார். கட்டிக்கொள்கிறார்கள். அடுத்த பக்கத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார், ஏனென்றால் அவருக்கே நாள் குறித்தாகிவிட்டது. பறந்து போய்ப் பிடிப்பதை எல்லாரும் வரைவார்கள். பறக்க வேண்டிய அவசியமே வராமல் செய்ததுதான் இங்கே விஷயம்.

மரகதம்:

ஃபென்டாஸ்டிக் ஃபோர் 51, ஜூன் 1966. யோசிக்கவே தேவையில்லை.

இதற்கு முந்தைய மூன்று இதழ்களில் கலாக்டஸ் வந்து பூமியையே தின்னப் பார்த்தான். அதற்கு அடுத்த மாதம் என்ன பண்ணுவது? இன்னும் பெரிய ஒருவனைக் கொண்டுவரத்தான் யாருக்கும் தோன்றும். எழுதிய லீயும் வரைந்த கிர்பியும், தெருவில் மழையில் நனைந்துகொண்டு தனியாக நிற்கும் பாறை மனிதன் ‘திங்’ பென் கிரிம்மை முழுப்பக்கத்துக்குப் போட்டு ஆரம்பித்தார்கள்.

அந்த நால்வர் குழுவின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸின் பேர் புகழைக் கண்டு வயிறெரியும் ஒரு விஞ்ஞானி. கதை முடியும்வரை அவனுக்குப் பெயரே கிடையாது. பென்னை வீட்டுக்கு அழைத்து, காபியில் மயக்க மருந்து கலந்து கொடுத்து, அந்தப் பாறை உடம்பைத் தான் எடுத்துக்கொள்கிறான். பென் பழைய மனிதனாகிவிடுகிறான். போலி ஆள் நால்வரின் இருப்பிடமான பாக்ஸ்டர் பில்டிங்குக்குள் நுழைகிறான். ரீட் உயிரைப் பணயம் வைத்து வேற்றுவெளிக்குள் இறங்கப் போகிறார், கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை ‘நண்பன்’ பென்னிடம் ஒப்படைக்கிறார். பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? ஆனால் தான் இத்தனை நாள் வெறுத்த மனிதன் எப்படிப்பட்டவன் என்பதை அவன் அப்போதுதான் நேரில் பார்க்கிறான். கடைசியில் தானே உள்ளே குதித்து, ரீடைப் பத்திரமாகத் திருப்பி எறிந்துவிட்டு, அங்கேயே அழிந்துபோகிறான்.

இதெல்லாம் சரி, என்னை அடிப்பது இன்னொரு இடம். அதே நேரத்தில் பென் மனித முகத்தோடு காதலி அலிசியாவின் வாசல் வரை போய்விட்டான். அங்கே நிற்கும்போதே உடம்பு மறுபடி பாறையாகிறது. அவளைப் பார்க்காமலே திரும்பி நடக்கிறான். அங்கே ஒருவன் நல்லவனாகிச் செத்ததற்கு இங்கே இவன் விலை கொடுக்கிறான், இரண்டு பேருக்குமே அது தெரியாது.

இன்னொன்று. அலிசியாவுக்குக் கண் தெரியாது. அப்படியானால் இவன் யாருக்காக அந்த முகத்தை எடுத்துக்கொண்டு போனான்? சின்ன வயதில் படித்தபோது இந்தக் கேள்வி வரவில்லை. இப்போது அந்தப் பக்கம் வந்தாலே வருகிறது.

பக்கக்காரன் அண்ணா, உங்கள் 33 எனக்கும் பிடிக்கும். ஆனால் லீ அந்த ஐந்து பக்கத்திலும் வாய் ஓயாமல் பேசவைத்திருக்கிறார். வசன பலூன்களை எல்லாம் அழித்துவிட்டுப் பாருங்கள், இன்னும் நன்றாக இருக்கும்.

நைட் டியூட்டி:

அமேசிங் ஸ்பைடர்மேன் 248, ஜனவரி 1984. முன்பாதிச் சண்டையை விடுங்கள். பின்னால் வரும் பதினோரு பக்கக் கதைதான் விஷயம். எழுதியது ரோஜர் ஸ்டெர்ன், வரைந்தது ரான் ஃப்ரென்ஸ். ஸ்பைடர்மேன் பற்றிய செய்திகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் டிம் என்ற ஒன்பது வயதுப் பையனின் அறைக்கு ஸ்பைடர்மேன் ராத்திரியில் வருகிறான். பேசுகிறார்கள். பையன் ‘நீங்கள் யார்’ என்று கேட்கிறான். முகமூடியைக் கழற்றிப் பெயரைச் சொல்கிறான். அவன் கிளம்பி வெளியே வந்த பிறகுதான் அது புற்றுநோய் மருத்துவமனை என்பதும், பையனுக்கு இன்னும் சில வாரங்கள்தான் என்பதும் நமக்குத் தெரிகிறது.

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ‘சீக்கிரம் சரியாகிடும் கண்ணு’ என்பார்கள், கண்ணை மட்டும் வேறெங்கோ வைத்துக்கொண்டு. ஸ்பைடர்மேன் அதைச் சொல்லவே இல்லை. பையன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான், வலை எப்படி வருகிறது என்று காட்டுகிறான், தன்னை வளர்த்த அங்கிள் பென் சாவில் தன் தப்பு என்ன என்பதைக்கூடச் சொல்லிவிடுகிறான். இந்தக் குழந்தைகளுக்கு வேண்டியது அதுதான்.

ஈரோடு எக்ஸ்பிரஸ்:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சிஸ்டர், அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கடைசிக் கட்டம் வரை மறைத்து வைத்து, டக்கென்று எடுத்துப் போட்டு அழவைப்பது சீரியல்காரர்கள் செய்கிற வேலை.

நைட் டியூட்டி:

முதல் தடவை படிக்கும்போது அப்படித்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். தெரிந்த பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள். நமக்குத்தான் மறைத்தார்கள். அந்த அறையில் இருக்கும் இருவருக்கும் முதலிலிருந்தே தெரியும். அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளாமல் பேசிச் சிரிக்கிறார்கள். இதைத்தான் நான் தினம் பார்க்கிறேன்.

ஈரோடு எக்ஸ்பிரஸ்:

சரி, இன்று ராத்திரி எடுத்துப் பார்க்கிறேன்.

குட்டிச்சுவர்:

அண்ணன்மார் எல்லாம் அறுபதுகளிலேயே நிற்கிறீர்கள். வில்லாளி ஹீரோ ஹாக்ஐயின் தொடரில் 11, 2013. எழுதியது மேட் ஃப்ராக்‌ஷன், வரைந்தது டேவிட் ஆஹா. முழு இதழும் ஒரு நாயின் பார்வையில். மனிதர்கள் பேசுவதில் நாய்க்குத் தெரிந்த வார்த்தைகள் மட்டும் பலூனில் இருக்கும், மீதியெல்லாம் கிறுக்கல். ஒருவரைப் பார்த்தால் அவரிடம் என்னென்ன வாசனை என்று சின்னச் சின்னச் சின்னங்களாக வரைந்து கோடு இழுத்திருப்பார் ஆஹா. 2014-இல் காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதைச் சிறந்த தனி இதழுக்காக வாங்கியது. பக்கக்காரன் சார் பார்த்தே ஆக வேண்டும்.

பக்கக்காரன்:

மரகதம், நீங்கள் சொன்ன மாதிரி பலூன்களைக் கம்ப்யூட்டரில் அழித்துப் பார்த்தேன். இயந்திரம் எழும்புகிற பக்கம் வசனமில்லாமலே அருமையாக நிற்கிறது. ஆனால் அதற்கு முன்னால், அசைய முடியாமல் கிடக்கிற பக்கம் பேச்சில்லாமல் தொய்ந்துவிட்டது. அங்கே அவன் தனக்குத்தானே திட்டிக்கொண்டு கிடப்பதுதான் நேரத்தை இழுக்கிறது. ஆக லீக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

குட்டிச்சுவர் தம்பி, வசனம் அதிகமில்லாமல் சின்னங்களை வைத்து ஒரு முழு இதழா? எனக்கு உடனே வேண்டும். தனி இதழ் இங்கே கிடைக்குமா?

குட்டிச்சுவர்:

கஷ்டம் சார். இரண்டாவது தொகுதியை வாங்குங்கள், 6 முதல் 11 வரை இருக்கும். நாய்க் கதைதான் கடைசி. நேராகப் பின்பக்கத்திலிருந்து பிரியுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.