குழந்தை வீட்டுக்கு வந்தாச்சு, இனி யாரிடம் கேட்பது?

திருப்பூர் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்து, கேரிங்ஸ் என்ற அரசின் தத்தெடுப்புப் பதிவுத் தளத்தில் வரிசை எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், ஒருவழியாக மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலரை வயது. வந்து சில மாதம் ஆகிறது, கலெக்டரின் தத்தெடுப்பு உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்.

பகலில் எல்லோரிடமும் ஒரே சிரிப்பு. கேஸ் சிலிண்டர் போட வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு "நானும் வரட்டுமா?" என்கிறாள். காய்கறி வண்டிக்காரம்மாவை அம்மா என்கிறாள். பார்க்கிறவர்கள் "எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிட்டா பாரு" என்று மெச்சுகிறார்கள். ராத்திரி விளக்கை அணைத்ததும் என்னை மட்டும் உதைக்கிறாள், கிள்ளுகிறாள், "நீ போ" என்கிறாள். என் கணவர் தூக்கினால் அடங்கிவிடுகிறாள். மாமியார் திருஷ்டி கழிக்கச் சொல்கிறார். அவரோ போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்.

விரைவில் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். இதையெல்லாம் அவரிடம் சொல்லலாமா? சொன்னால் "இவர்களால் முடியாது" என்று எழுதிவிடுவார்களோ, குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். உங்களுக்குக் கை கொடுத்தது யார்?

சேலத்து அக்கா

தங்கச்சி, முதலில் ஒன்று. உதைப்பது உன்னைத்தானே, வண்டிக்காரம்மாவை இல்லையே? இவளிடம் கோபத்தைக் காட்டலாம் என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். எனக்கு இதைச் சொன்னது எங்களுக்கு முன்னால் பெரிய குழந்தையைத் தத்தெடுத்த ஈரோட்டு அம்மா ஒருவர். அன்றைக்கு நம்பவில்லை. இப்போது அப்படியே உனக்குச் சொல்கிறேன்.

என் மகள் ஐந்து வயதில் வந்தாள். அவள் இருந்த குழந்தைகள் இல்லத்தில் ஆயாக்கள் ஷிப்ட் முறையில் வருவார்கள், போவார்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் சிரித்துப் பேசினால்தான் மடி கிடைக்கும் என்று அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அதை ஒட்டுதல் என்று நம் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஈரோட்டு அம்மா சொன்ன வழி இதுதான்: சில மாதத்துக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் அம்மாவும் அப்பாவும் மட்டும். மற்றவர்கள் விளையாடலாம், கதை சொல்லலாம். இதில் என் அம்மாவுக்கே வருத்தம். "பேத்திக்கு ஒரு வாய் ஊட்டக்கூடாதா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சமாளித்தோம்.

அப்புறம் சாப்பாடு. இட்லியைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் தலையணை உறைக்குள் வைப்பாள். எறும்பு மொய்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நான் அதட்டப் போனேன், அந்த அம்மா போனிலேயே தடுத்தார். "பிடுங்காதீங்க. அவ கைக்கு எட்டற இடத்துல ஒரு டப்பா வைங்க. அது எப்பவும் நிறைஞ்சே இருக்கணும். ராத்திரி அவளே திறந்து பார்க்கட்டும்." பொரி உருண்டை, முறுக்கு, கடலை மிட்டாய் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கட்டில் ஓரத்தில் வைத்தோம். ஆரம்பத்தில் நடுராத்திரி மூடி திறக்கும் சத்தம் கேட்கும். சாப்பிட மாட்டாள், இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவாள். சில மாதத்தில் டப்பாவை அவளே மறந்துவிட்டாள், முறுக்கு நமுத்துப்போய்க் கிடந்தது.

விளக்கை அணைக்காதே. இல்லத்தில் பெரிய ஹாலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் பக்கத்தில் படுத்திருப்பார்கள், ஒரு குழல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உன் வீட்டின் இருட்டறையும் ஃபேன் சத்தமும் அவளுக்கு ஊமை இரவு. இல்லத்துக்கு போன் போட்டு எப்படித் தூங்குவாள், யார் பக்கத்தில் படுப்பாள், எந்தப் போர்வை என்று கேள். பழைய போர்வை கிடைத்தால் துவைக்காமல் வாங்கிக்கொள்.

சென்னை அப்பா

சேலத்து அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ராத்திரி அப்பா தூக்கினால் அடங்குகிறாள் என்பதற்காக எப்போதும் அவரே தூக்கிவிடக் கூடாது. நான் அப்படித்தான் ஓடி ஓடித் தூக்கினேன். எங்கள் மருத்துவமனை ஆலோசகர்தான், "நீங்க தூக்கும்போது அவங்களும் பக்கத்துலேயே உட்காரட்டும், முதுகைத் தடவிக் கொடுக்கட்டும்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறினோம்.

இன்னொரு விஷயம், டாக்டர். எந்த கிளினிக் போனாலும் "வீட்ல யாருக்காவது வீசிங் இருக்கா? சுகர்?" என்று பையன் முன்னாலேயே கேட்பார்கள். என் மனைவி ஃபைலின் முதல் பக்கத்தில் "குடும்ப மருத்துவ வரலாறு கிடைக்கவில்லை, தயவுசெய்து கேட்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிட்டார். ஃபைலை முதலில் நர்ஸிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவோம். நல்ல டாக்டர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் "ஓ, அடாப்டடா?" என்று சத்தமாகக் கேட்டார். அவரிடம் அப்புறம் போகவில்லை.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்

அம்மா, உங்கள் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். குழந்தை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. குறை கண்டுபிடிப்பது அதன் நோக்கம் இல்லை. குழந்தையும் பெற்றோரும் ஒத்துப்போவதில் சிரமம் என்றால் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய பொறுப்பு தத்தெடுப்பு நிறுவனத்துக்கும் மாவட்ட அலகுக்கும் இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் அந்தப் பொறுப்பை அவர்கள் தலையில் வைக்க முடியும்.

நான் போன வீடுகளில் எனக்குக் கவலை தந்தது "எல்லாம் சூப்பர் மேடம்" என்று காபியை நீட்டிய வீடுகள்தான். குழந்தை மூலையில் புது கவுன் போட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். "ராத்திரி தூங்க மாட்டேங்கறான், எனக்கு எரிச்சல் வருது, நேத்து கத்திட்டேன்" என்று சொன்ன வீடுகளில் பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். உதவி கேட்டதற்காக ஒரு பிள்ளையைத் திரும்ப எடுத்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் "முடியாது, கூட்டிட்டுப் போங்க" என்று பெற்றோரே கொண்டுவந்து விட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை மறுபடி ஒரு வீட்டுக்கு அனுப்புவது லேசான காரியம் இல்லை.

வருகிறவரிடம் பொதுவாகப் பேசாமல், எழுதி வைத்துப் பேசுங்கள்: எப்போது உதைக்கிறாள், அதற்கு முன் என்ன நடந்தது, எது அடக்குகிறது. குழந்தையின் ஆய்வு அறிக்கையை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள், எத்தனை இடம் மாறி வந்தாள் என்று அதில் இருக்கும். பெரும்பாலோர் அதில் உயரம், எடை, தடுப்பூசியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

நெல்லைப் பக்கம், வளர்ப்புப் பராமரிப்பு

நாங்கள் தத்தெடுக்கவில்லை, வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது சொந்த வீட்டில் இருக்க முடியாத பிள்ளையைத் தற்காலிகமாக வளர்க்கும் ஏற்பாட்டில், ஒரு பையனைப் பார்த்துக்கொள்கிறோம். வயது ஒன்பது. அவன் அம்மா உயிரோடு இருக்கிறார், உடம்புக்கு முடியாதவர். இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே பலருக்குத் தெரியாது. குழந்தைகள் நலக் குழு ஆணைப்படி எங்களிடம் இருக்கிறான், அவ்வப்போது மறுபரிசீலனை நடக்கும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உண்டு. அதை வைத்துத்தான் ஊர் பேசுகிறது: "காசுக்குப் பிள்ளை வளர்க்கிறாக." அவன் டியூஷனும் செருப்பும் என்ன விலை என்று கேட்டவர்களுக்குத் தெரியாது, விடுங்கள்.

எங்களுக்குச் சிரமம் வேறு இடத்தில். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி படுக்கையை நனைத்துவிடுவான். மறுநாள் பேச மாட்டான். எங்க வீட்டுக்காரர், "அப்ப கூட்டிட்டுப் போகவே வேண்டாம்" என்றார். நானும் அதே எண்ணம்தான். அலகில் இருந்த ஆலோசகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பார்க்காம இருந்தா பயம் அதிகமாகும். பார்த்துட்டு வந்த மறுநாளை மட்டும் காலியா விடுங்க. டியூஷன் வேண்டாம், விருந்தாளி வேண்டாம்" என்றார். இப்போது அந்த மறுநாள் அவனும் இவரும் தாமிரபரணியில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மீன் பிடித்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

2024-ல் வந்த புது வழிகாட்டுதலின்படி, சட்டப்படி தத்துக்கு விடத்தக்க பிள்ளை என்றால் இரண்டு வருடம் பராமரித்த குடும்பமே தத்தெடுக்கவும் வழி இருக்கிறது, முன்பு ஐந்து வருடம். திருமணமாகாத, தனியாக இருப்பவர்களும் இப்போது பராமரிப்புக்கு எடுக்கலாம். எங்கள் பையனுக்கு அம்மா இருக்கிறார், அவருக்கு உடம்பு தேறினால் அங்கேதான் போக வேண்டும். அந்த நாளை எப்படித் தாங்குவது என்று கேட்க எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், இதே மாவட்டத்தில் ஒரு பிள்ளையை வளர்த்துத் திருப்பி அனுப்பிய ஒரு டீச்சர். மாதம் ஒருமுறை பேசுவோம்.

கரூர்

தத்தெடுப்பது பற்றி நானும் கேட்டுப் பார்த்தேன். "கேரிங்ஸ்ல பதிஞ்சா வருஷக்கணக்காகும், தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தர் மூலமா நேரடியாவே வாங்கிக்கலாம், பிறப்புச் சான்றிதழ்ல உங்க பேரே வரும்" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். விசாரிக்கலாமா?

ஓய்வுபெற்றவர்

கரூர் தம்பி, விசாரிக்கக்கூட வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 80: முறைப்படி இல்லாமல் தத்து கொடுப்பதும் வாங்குவதும் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் பிரிவு 81, ஐந்து வருடம் வரை கடுங்காவல். இதில் எனக்குப் பெரிய வருத்தம் தண்டனை பற்றி இல்லை. அந்தக் குழந்தை இருபது வயதில் "நான் எங்கிருந்து வந்தேன்" என்று கேட்டால் உங்களிடம் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. எங்காவது குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

தொட்டிலில் வந்தவள்

வளர்க்க முடியாதவர்கள் குழந்தையை விட்டுச்செல்ல அரசே தொட்டில் வைத்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கியது சேலத்தில். நான் அந்தத் தொட்டில் ஒன்றில் கிடைத்தவள். பெற்றோர் எல்லோரும் எழுதுகிறீர்கள், பிள்ளைப் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுதட்டும்.

நான் தத்துப் பிள்ளை என்பது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டால் பதில் இல்லை. தெரியாத ஒரு நாள் என் நினைவில் இல்லை. அம்மா சோறு ஊட்டும்போது சொன்ன கதைகளில் நிலாவும் உண்டு, அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்த கதையும் உண்டு. எங்கே டிக்கெட் எடுத்தார்கள், எந்தக் கடையில் எனக்குச் சட்டை வாங்கினார்கள், அது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். என் தோழி ஒருத்திக்கு ஜாதகம் எடுக்கும் நேரத்தில்தான் சித்தி வாய் தவறிச் சொன்னார். அவள் இன்னமும் அம்மாவிடம் சரியாகப் பேசுவதில்லை. மறைத்தது தத்தை மட்டும்தானா, வேறென்ன மறைத்தார்கள் என்று அவளுக்குச் சந்தேகம்.

எனக்கு நட்சத்திரம் கிடையாது. பிறந்த தேதியே டாக்டர் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. கோவிலில் ஐயர் "பேர், நட்சத்திரம்?" என்று தட்டை நீட்டும்போது ஆரம்பத்தில் அம்மா தடுமாறுவாராம். ஆச்சிதான் முந்திக்கொண்டு "சாமி பேருக்கே பண்ணுங்க" என்பார். அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது, இப்போது யாருக்கும் நட்சத்திரம் சொல்வதில்லை. காது குத்துக்குத் தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும். மாமா கூப்பிடுவதற்கு முன்னாலேயே சீர்த்தட்டோடு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். திருப்பூர் அக்கா, உங்கள் வீட்டில் அப்படி யார் என்று பார்த்து வையுங்கள். எல்லாச் சொந்தமும் வேண்டாம், ஒன்றிரண்டு பேர் போதும்.

வேர் தேடலாமா, அதாவது பிறப்பு பற்றிய விவரத்தைக் கேட்டு வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். 18 வயது நிறைந்தால் நாமே விண்ணப்பிக்கலாம், அதற்குக் கீழே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து. எனக்குக் கிடைத்தது பதிவேட்டில் இரண்டு வரி: தேதி, எடை, "பச்சைத் துணி". அம்மாவும் என்னோடு வந்திருந்தார். அந்தப் பக்கத்தை நகல் எடுக்கலாமா என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

திருப்பூர் அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இல்லத்துக்கு போன் போட்டேன். அவளும் இன்னொரு பெண் குழந்தையும் ஒரே பாயில்தான் தூங்குவார்களாம், ஒருத்தி காலை ஒருத்தி மேல் போட்டுக்கொண்டு. எனக்கு விழுந்த உதையில் பாதிக்குக் காரணம் புரிந்த மாதிரி இருக்கிறது. சமூகப் பணியாளரிடமும் பேசிவிட்டேன், அவர் முன்கூட்டியே வருகிறேன் என்கிறார்.

இன்னொரு சந்தேகம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. தத்தெடுத்தவர்களுக்குக் கிடையாது என்று ஆபீஸில் சொல்கிறார்கள். உண்மையா?

சேலத்து அக்கா

என்னிடமும் அதேதான் சொன்னார்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் தத்தெடுத்த அம்மாவுக்கு 12 வாரம் என்று போட்டார்கள், ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஒரு கொக்கி இருந்தது. கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக்குத் தயார் என்று அறிவிக்கவே இரண்டு மாதம் வரை ஆகும், ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறவும் 60 நாள் அவகாசம். அதற்குமேல் ஒதுக்கீடு, வீட்டுக்கு வருவது எல்லாம் இருக்கிறது. யாருக்குப் பொருந்தியிருக்கும் சொல்லு? 2026 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த மூன்று மாத வரம்பை ரத்து செய்துவிட்டது, அதனால் குழந்தையின் வயதைக் காட்டி அந்த 12 வாரத்தை இப்போது மறுக்க முடியாது. மத்திய அரசு ஊழியராக இருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 180 நாள் உண்டு. உன் மகளுக்கு நாலரை என்பதால் அது உதவாது.

நான் செய்தது: சமூகப் பணியாளரிடம் "இந்தக் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருப்பது அவசியம்" என்று கடிதம் வாங்கி மேனேஜரிடம் நேரில் கொடுத்தேன். சம்பளமில்லா விடுப்பு, அதற்கப்புறம் கொஞ்ச நாள் அரை நாள் வேலை. எழுதிக் கேட்டால் மறுக்க அவர்களுக்குக் கூச்சம். அவர் வரும்போது உன் கம்பெனி பெயருக்கே எழுதித் தரச் சொல், மாதிரிக் கடிதம் வேண்டுமென்றால் என்னுடையதை அனுப்புகிறேன்.